இரும்புக் கதவுக்கான எனாமல், காருக்கு ஆகுமா?

பழைய கார் ஒன்று. எஞ்சினில் குறையில்லை. ஆனால் கூரையில் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பளபளப்பு அடுக்கு, வெயிலில் வெந்த தோல் போல உரிகிறது. பானெட்டைத் தடவினால் விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டுகிறது. சக்கர வளைவின் ஓரத்தில் துரு கொப்புளம் விட்டிருக்கிறது. முழுக் காருக்கும் பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் கேட்கும் தொகையோ, காரை விற்றால் வரக்கூடிய தொகையில் பாதியைத் தொடுகிறது. இந்த இடத்தில்தான் பலருக்கும் அந்த யோசனை வருகிறது: இரும்புக் கதவுக்கும் இயந்திரங்களுக்கும் பூசுகிற எனாமல் டப்பாவை வாங்கி நாமே பூசிவிட்டால் என்ன?

பூசலாம். நான் பூசியிருக்கிறேன். ஒரு கார் முழுவதையும் ரோலரால், வேறொரு காரின் இரண்டு கதவுகளை ஸ்பிரே கன்னால். முதல் காருக்கு அது சரியான முடிவு. இரண்டாவதற்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே வகை பெயிண்ட், ஒரே கைகள். வித்தியாசம் காரில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விலை. கார்களுக்கென்றே வரும் டூ-கே யூரித்தேன், அதாவது ஹார்டனரைக் கலந்து அடிக்கும் வகை, எனாமலைவிடப் பல மடங்கு விலை. டப்பாக்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனாமலைத் தவிர வேறெதையும் வாங்க மனம் வராது. ஆனால் பெயிண்ட் வேலையில் பெயிண்ட் அடிப்பது கடைசியில் வரும் சிறு பகுதி. கழுவ வேண்டும், மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தெடுக்க வேண்டும், துருவைச் சுரண்ட வேண்டும், பள்ளங்களுக்குப் பட்டி வைக்க வேண்டும், பட்டியைத் தேய்க்க வேண்டும், பிரைமர் அடித்து அதையும் தேய்க்க வேண்டும், கண்ணாடிகளையும் ரப்பர்களையும் மாஸ்கிங் டேப்பால் மறைக்க வேண்டும். ரோலர் பூசிய காருக்கு எனக்கு ஆறு வார இறுதிகள் போயின. அவற்றில் நான்கு, எனாமல் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கழிந்தவை.

இந்த வேலைகளும் இவற்றுக்கான பொருள்களும் எந்த பெயிண்டுக்கும் ஒன்றுதான். பட்டி, பிரைமர், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், டேப், பளபளப்பு எடுக்கத் தேய்க்கும் பசையான காம்பவுண்ட் எல்லாம் எப்படியும் வாங்கியாக வேண்டும். எனாமல் மிச்சப்படுத்துவது நிறத்துக்கும் கிளியர் கோட்டுக்கும் ஆகும் செலவை. ரோலரால் பூசினால் கூடவே கம்ப்ரஸருக்கும் கன்னுக்கும் ஆகும் செலவை. உழைப்பில் ஒரு மணி நேரத்தைக்கூட அது குறைப்பதில்லை. இன்னும் சொன்னால் கூட்டுகிறது. பளபளப்பு கன்னிலிருந்து வராததால் அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எனாமல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

கார் பெயிண்டை இன்றும் 'டக்கோ' என்று சொல்பவர்கள் உண்டு. டூபான்ட் நிறுவனம் 1920-களில் விற்கத் தொடங்கிய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் வணிகப் பெயர் அது. அதற்கு முன் வண்டிகளுக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. லேக்கர் வந்ததும் அது மணிக்கணக்காகச் சுருங்கியது. அதே பத்தாண்டில் உருவானதுதான் அல்கைட் பிசின். ஆல்கஹால், ஆசிட் என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று இரும்புக்கென்று விற்கும் மலிவான எனாமல் பெரும்பாலும் இந்த அல்கைட்தான். பிற்காலத்தில் பல ஆலைகள் கார்களுக்கே இந்தக் குடும்பத்து எனாமலைப் பூசின. ஆகவே 'காருக்கு எனாமலா?' என்று முகம் சுளிப்பவர்கள் பழைய கதையை மறந்தவர்கள். ஆனால் ஆலையில் அதைச் சூளையில் சுட்டார்கள். நம்மிடம் சூளை இல்லை. எனாமலின் குறைகளில் பாதி இந்த ஒரு காரணத்திலிருந்தே வருகின்றன.

லேக்கர், கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடும். டூ-கே, ஹார்டனரோடு வினைபுரிந்து உள்ளும் புறமும் ஒருசேர இறுகும். அல்கைட் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் பறக்கிறது. பிறகு பிசினிலுள்ள எண்ணெய், காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. ஆக்சிஜன் மேலிருந்துதான் வரும் என்பதால் மேல்தோல் முதலில் காயும், அடியில் ஈரம் தங்கும். சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. முழுதாக இறுகவோ வாரங்கள் ஆகும். தடிமனாகப் பூசினால் மாதமும் ஆகலாம்.

இதை நான் பானெட்டில் கற்றுக்கொண்டேன். முந்தைய கோட் தொட்டால் காய்ந்திருந்தது. மாலையில் மழை வருமென்று அவசரப்பட்டு அடுத்த கோட்டைப் போட்டேன். கால் மணி நேரத்தில் பானெட் முழுவதும் பாலாடை போலச் சுருங்கிக்கொண்டது. புதுக் கோட்டின் கரைப்பான், காய்ந்த தோலுக்கு அடியிலிருந்த ஈரத்தை ஊறவைத்துத் தோலைத் தூக்கிவிட்டது. டப்பாவின் பின்புறத்தில் மறு கோட்டுக்கான நேரம் அச்சிட்டிருக்கும். பல எனாமல்களில் அதற்கு ஒரு வாய்ப்பு ஆரம்பத்தில் சில மணி நேரம் வந்து போகும், இன்னொன்று ஓரிரு நாள் கழித்து வரும். இடைப்பட்ட நேரத்தில் கை வைக்கக் கூடாது. நான் அந்த இடைவெளியின் நட்டநடுவில் கை வைத்தேன். சுருங்கியதைச் சுரண்டியெடுக்க ஒரு வார இறுதி முழுதாகப் போயிற்று.

ரோலரா, கன்னா?

எனாமலை முடிவு செய்தவர்களுக்கு அடுத்த கேள்வி இது. கையில் ஸ்பிரே கன் இருந்தால் அதையே எடுப்போம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டில் எனாமலுக்கு ரோலரே மேல் என்பது இப்போதைய என் முடிவு.

ஸ்பிரே கன்னுக்குக் காற்று வேண்டும், நிறைய வேண்டும். எச்.வி.எல்.பி. எனப்படும், நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் அனுப்பும் கன்களில் முனையின் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டு) இருக்கும், அழுத்தம் குறைவு, ஆனால் காற்றின் அளவு அதிகம். நிமிடத்துக்குப் பத்து கன அடிக்கு மேல் காற்று கேட்கும் கன்கள் சாதாரணம். டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர் ஒரு கதவின் பாதியிலேயே மூச்சு வாங்கிவிடும். குழாயில் தண்ணீர் பிரிப்பான் இல்லையென்றால் காற்றோடு துளிகள் வந்து கொப்புளமாகும். இவை எல்லாம் சரியாக இருந்தாலும், எனாமல் காய நேரம் எடுப்பதால் அந்த நேரமெல்லாம் தூசியும் கொசுவும் வந்து ஒட்டும். பறக்கும் எனாமல் புகையும் எளிதில் காயாது. காற்று திரும்பினால் பக்கத்தில் நிற்கும் அடுத்தவர் காரின் மேலும் ஈரமாகவே போய் உட்காரும். அப்புறம் நட்பும் போகும்.

ரோலரில் புகை இல்லை, கம்ப்ரஸர் இல்லை, அவசரம் இல்லை. நான்கு அங்குல அகலமுள்ள, நெருக்கமான ஸ்பான்ஜ் ரோலர் போதும். வழக்கமான கம்பளி ரோலர் வேண்டாம். காரில் சுவரின் தோற்றம் வந்துவிடும். ரகசியம் முழுவதும் கலப்பில் இருக்கிறது. எனாமலுக்கு ஏற்ற மினரல் டர்பன்டைன் சேர்த்துப் பாலின் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தகரத்துண்டில் உருட்டிப் பாருங்கள். எழும் குமிழ்கள் ஒரு நிமிடத்துக்குள் தாமாக உடைந்து மட்டமானால் பதம் சரி. உடையாமல் நின்றால் கெட்டி. வழிந்தால் நீர்.

இப்படி நீர்க்க வைத்த முதல் கோட் பார்க்கச் சகிக்காது. அடிப்பிரைமர் திட்டுத்திட்டாகத் தெரியும். வீட்டில் ஒருவர் வந்து பார்த்து "இதற்கு முன்பு இருந்ததே நன்றாக இருந்ததே" என்பார். பொறுத்துக்கொள்ள வேண்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, டப்பா சொல்லும் நேரப்படி, இரண்டாவது. பிறகு 600 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு மேடுகளை மட்டும் தேய்ப்பு. மறுபடி இரண்டு கோட், 800 எண்ணில் தேய்ப்பு. இன்னும் இரண்டு கோட். பிறகு கையை எடுத்துவிட்டுச் சில வாரங்கள் விட்டுவிட வேண்டும். இறுகிய பின் 1000, 1500, 2000 என ஏறி, காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி எழும். நேர்மையாகச் சொன்னால், 1000-க்கு மேலான தேய்ப்பை நான் கூரையிலும் பானெட்டிலும் மட்டும் செய்தேன். கதவுகளில் பொறுமை தீர்ந்துவிட்டது. இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, எனக்குத் தெரியும்.

அளவுக் கணக்கும் எளிது. சிறு காரின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஆறு கோட்டுக்கு 72 சதுர மீட்டர். மெல்லிய கோட்டில் லிட்டருக்கு 18 சதுர மீட்டர் போகுமென்றால் நான்கு லிட்டர். தேவையை ஒரேயடியாக வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரு வாளியில் கொட்டிக் கலந்துகொள்ளுங்கள். ஒரே எண் போட்ட நிறத்திலும் தொகுப்புக்குத் தொகுப்பு சாயல் மாறும். கதவின் நடுவில் அதைக் கண்டுபிடிப்பது வேதனை.

மெட்டாலிக் நிறம் வேண்டுமென்றால் ரோலரை மறந்துவிடுங்கள். அலுமினியத் துகள்கள் ஒரே சீராகப் படுத்திருந்தால்தான் அந்த மினுக்கு வரும். ரோலர் அவற்றைத் திசைக்கொன்றாகப் புரட்டிப் போட்டுவிடும். திட நிறம்தான் வழி. அதிலும் கறுப்பு, உடலின் ஒவ்வொரு நெளிவையும் ஊருக்குக் காட்டும். வெளிர் சாம்பலும் கிரீமும் எல்லாவற்றையும் மன்னிக்கும். வெள்ளை எனாமலுக்கு ஒரு விசித்திரம் உண்டு. வெயிலைவிட இருட்டில்தான் அது அதிகம் மஞ்சளாகும். மாதக்கணக்கில் இருட்டுக் கொட்டகையில் நிற்கும் காருக்கு வெள்ளை அல்கைட் வேண்டாம்.

பிளாஸ்டிக் பம்பரை இந்த ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுங்கள். அது வளையும், இறுகிய எனாமல் வளையாது, வெடிப்பு விடும். பிளாஸ்டிக்குக்கான தனிப் பிரைமரும் வளைந்துகொடுக்கும் பெயிண்டும் அதற்கு வேண்டும். இல்லையென்றால் பழைய நிறத்திலேயே விட்டுவிடலாம். கறுப்பு பம்பரோடு வந்த கார்கள் எத்தனையோ உண்டு.

ஹார்டனர் என்னும் கவர்ச்சி

எனாமலின் மெதுவான இறுகலுக்குச் சிலர் சொல்லும் மருந்து, டூ-கேயில் சேரும் அதே ஐசோசயனேட் ஹார்டனரை அதில் கலப்பது. பலன் உண்டு. நாள்களில் இறுகும், பளபளப்பு கூடும், பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். ஆனால் கலந்த அந்த நிமிடமே எனாமலின் மிகப்பெரிய சாதகத்தை நீங்கள் தூக்கியெறிந்துவிட்டீர்கள் என்பேன்.

ஐசோசயனேட் நுரையீரலை உணர்திறன் கொள்ளச் செய்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு உணர்திறன் பெற்றுவிட்டால், பிறகு மிகச் சிறு அளவே மூச்சுத் திணறலுக்குப் போதும். தோல் வழியாகப் படுவதும் கெடுதல். அதன் வாசனையை எச்சரிக்கையாக நம்ப முடியாது. கெடுதலான அளவு மூக்குக்குத் தெரியாமலே இருக்கும். அதனால் முகமூடியிலுள்ள கரி வடிகட்டியின் ஆயுள் தீர்ந்ததும் தெரியாது. இதனால்தான் தொழில்முறையில் வெளிக்காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் அனுப்பும் ஏற்பாட்டோடு டூ-கே அடிக்கிறார்கள். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் டூ-கே அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒப்பீட்டில் எனக்கு இதுவே முதல் வரி: காற்றுக்குழாய் முகமூடியும் மூடிய அறையும் இல்லாதவருக்கு, வீட்டில் டூ-கே என்ற தெரிவே இல்லை. விலை, ஆயுள், பளபளப்பு எல்லாம் அதற்குப் பின்பு.

சாதா எனாமலும் பாலல்ல. கரைப்பான் ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பிடிக்கும். திறந்த இடத்தில், கரிம ஆவிக்கான வடிகட்டி முகமூடியோடு, நெருப்பில்லாத தூரத்தில் வேலை செய்ய வேண்டும். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது வெப்பம் பிறக்கிறது; குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல் துணி தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள். மிகப் பழைய காரென்றால் அடியிலிருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேய்ப்பது நல்லது.

எவ்வளவு காலம் தாங்கும்?

சரியாக அடித்த டூ-கே, பராமரிப்போடு பத்தாண்டுகளைத் தொடும். சூளையில் சுடாத அல்கைட்டின் பளபளப்பைக் கடும் வெயில் இரண்டு மூன்று ஆண்டுகளில் மங்கவைக்கும். புற ஊதா ஒளி பிசினை அரிக்க, நிறமிகள் தூளாக மேலே வரும். என் காரின் கூரைக்கு மூன்றாவது கோடையில் அது நடந்தது. காம்பவுண்ட் போட்டு ஒரு காலை தேய்த்ததில் மீண்டது. பெட்ரோல் மூடியைச் சுற்றி மட்டும் பெயிண்ட் மிருதுவாகி, நிறம் மாறி நிற்கிறது. அது மீளவில்லை.

இதற்கு எதிர்த்தட்டில் ஒன்று உண்டு. எனாமல் காரில் கீறல் விழுந்தால் நான் கவலைப்படுவதில்லை. மிச்சமிருக்கும் டப்பாவைத் திறந்து, ஒரு தூரிகையால் தொட்டு வைத்து, காய்ந்ததும் தேய்த்துவிடுகிறேன். நிறம் பொருத்திப் பார்க்க எவரிடமும் போக வேண்டியதில்லை. டூ-கே காரில் அதே கீறலுக்குப் பக்கத்துப் பலகை வரை கலந்து அடிக்க வேண்டிவரும். நெரிசலில் உரசி வாழும் காருக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

இப்போது இரண்டாவது காரின் கதை. அது விற்றாலும் விலைபோகக்கூடிய, நல்ல உடலுள்ள கார். இரண்டு கதவுகள் மட்டும் நசுங்கியிருந்தன. பட்டி வைத்து எனாமல் அடித்தேன். பளபளப்பும் நிறமும் ஒட்டவில்லை. ஓராண்டு கழித்து முழுக் காருக்கும் முறையாக அடிக்கலாமென்று கொண்டுபோனபோது, பட்டறைக்காரர் தின்னரில் நனைத்த துணியைக் கதவில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தார். பெயிண்ட் மெழுகு போல எழும்பி வந்தது. "இதை முழுக்க உரித்தால்தான் மேலே ஏதாவது அடிக்க முடியும்" என்றார். காரணம் வேதியியல். கார் பெயிண்டின் வீரியமான கரைப்பான்கள் அடியிலுள்ள அல்கைட்டை ஊறவைத்துத் தூக்கிவிடும். எனாமல் மேல் எனாமல் போகும், மற்றது போகத் தயங்கும். உரிக்கும் கூலி, நான் மிச்சப்படுத்தியதைவிட அதிகம்.

ஆகவே எனாமல் பூசுவது, அந்தக் காருக்கு இனி வேறு பெயிண்ட் கிடையாது என்று எழுதிக் கையெழுத்திடுவது போல. கையெழுத்திடத் தயாரான காருக்கு மட்டும் பூசுங்கள். சுமை ஏற்றும் பழைய வண்டி, தோட்டத்துக்குப் போய்வரும் ஜீப், இன்னும் நாலைந்து ஆண்டு ஓடினால் போதுமென்ற குடும்பக் கார். இவற்றுக்கு ரோலர் எனாமலைத் தயங்காமல் சொல்வேன். சேகரிப்பு மதிப்புள்ள பழைய கார், கடன் முடியாத கார், அடுத்த ஆண்டு விற்க நினைக்கும் கார் என்றால் வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று வழிகள் மிஞ்சுகின்றன. பெயிண்டின் மேல் வினைல் என்னும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டுவது ஒன்று. உரிகிற பெயிண்டின் மேல் அது பிடிக்காது, துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது. இரண்டாவது ஸ்பிரே டப்பாக்கள். ஒரு பக்கக் கண்ணாடியின் மூடிக்கோ ஓரப் பலகைக்கோ சரி. முழுக் காரென்றால் விசிறிக் கோடுகள் வரிக்குதிரையாக்கிவிடும், டப்பாக்களின் மொத்த விலையும் ஒரு நல்ல பெயிண்டைத் தாண்டிவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதிகம் பேர் யோசிப்பதில்லை. உழைப்பில் பெரும்பங்கு தேய்ப்பதில் என்றால், தேய்ப்பை நாம் செய்து, அடிப்பதை மட்டும் பட்டறையில் கொடுக்கலாமே. துரு எடுத்து, பட்டி வைத்து, பிரைமரைத் தேய்த்து, கைப்பிடிகளையும் விளக்குகளையும் கழற்றிவைத்த காரை ஒப்படைத்தால் கூலி வெகுவாகக் குறையும். கிளியர் கோட் வேண்டாத, ஒரே அடுக்கில் முடியும் டூ-கே திட நிறத்தைக் கேட்டால் இன்னும் குறையும். எல்லாப் பட்டறைகளும் ஒத்துக்கொள்ளாது. நாளை பெயிண்ட் உரிந்தால் தேய்ப்பின் குற்றமா, அடிப்பின் குற்றமா என்ற வழக்கு வரும் என்ற அவர்கள் அச்சம் நியாயமானது. வேலை தொடங்கும் முன்பே போய், என்ன பிரைமர், எந்த எண்ணில் தேய்ப்பு என்று அவர்களையே கேட்டு அதன்படி செய்தால் பாதிப் பேர் இறங்கிவருவார்கள். இரண்டாவது காரை நான் கடைசியில் இப்படித்தான் முடித்தேன்.

நிறத்தை மாற்றுவதானால், பல நாடுகளில் பதிவுச் சான்றிலும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

ரோலர் என்றே முடிவெடுத்தவர்களுக்கு ஒன்று. வேலையைக் கூரையில் தொடங்காதீர்கள். பெட்ரோல் மூடியைக் கழற்றி, அதே பிரைமர், அதே கலப்பு, அதே எண்ணிக்கையில் கோட் போட்டு, இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். பிறகு அதன் மேல் நகத்தை அழுத்திப் பாருங்கள், ஒரு சொட்டு பெட்ரோலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். அந்தச் சிறு மூடி காட்டுவது பிடிக்கவில்லையென்றால், மூடி ஒன்றோடு தப்பித்தீர்கள்.